செல் பாடமும் சாம்பல் மூடிக் குழாயும்

பிளஸ் ஒன் உயிரியலில் எது பயம் என்று பிள்ளைகளைக் கேட்டால் செல் சுழற்சி, உயிரி மூலக்கூறுகள் இந்த இரண்டும்தான் பெரும்பாலும் முதலில் வரும். தாவரவியல் புத்தகத்தில் அடுத்தடுத்து இருக்கும் பாடங்கள். அதற்கு முந்தின செல் பாடம் பரவாயில்லை என்பார்கள். படம் இருக்கிறது, வரைந்தால் மார்க் வரும் என்ற தைரியம். என் அக்கா மகள் படித்த வருடம் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு இருந்தது. தமிழ் வழி, அரசுப் பள்ளி. நான் உயிர்வேதியியலில் பட்டம் வாங்கி, அப்புறம் டிஎம்எல்டி (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோ) முடித்து, தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். "நீ படிச்ச படிப்புதானே, அவளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடேன்" என்று அக்கா கேட்டாள். அரையாண்டு லீவில் தொடங்கி தேர்வு வரைக்கும், வேலை முடிந்த சாயங்காலங்களில் இந்த மூன்று பாடங்களையும், இவற்றோடு ஒட்டிய சுவாசித்தல் பாடத்தையும் இரண்டு பேரும் உட்கார்ந்து திருப்பினோம். அதில் எது வேலைக்கு ஆனது, எது ஆகவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் படிக்காமல் வரவில்லை. புத்தகம் முழுக்க மஞ்சளும் பச்சையுமாகக் கோடு. கோல்கை உடலத்தின் வேலைகள் என்ன என்றால் ஆறு பாயிண்டை மூச்சுவிடாமல் சொல்வாள். சரி என்று வேறு பக்கமாகக் கேட்டுப் பார்த்தேன்.

"இன்சுலின் எங்க உருவாகுது?"

"கணையத்துல, சித்தி."

"கணையத்துல எங்க?"

"பீட்டா செல்லுல."

"அந்தச் செல்லுக்குள்ள எந்த இடத்துல?"

பதில் இல்லை. இன்சுலின் ஒரு புரதம் என்று அவளுக்குத் தெரியும். புரதம் ரைபோசோமில் உருவாகிறது என்றும் தெரியும். சொரசொரப்பான எண்டோபிளாச வலைமேல் ரைபோசோம் ஒட்டியிருக்கும் என்பதையும் சொல்வாள். ஆனால் மூன்றும் மூன்று பக்கங்களில் இருந்தன. மூன்றையும் சேர்த்து ஒரு பதிலாக்கு என்று அவளை யாரும் கேட்டதில்லை. புத்தகம் நுண்ணுறுப்பு வாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறது. முதல் தடவை படிக்க அதுதான் வசதி. திருப்புதலுக்கும் அதே வரிசையில் போனால் ஏற்கெனவே தெரிந்ததையே மறுபடி தெரிந்துகொண்டு வருகிறோம், அவ்வளவுதான். அதனால் தலைப்பு வரிசையை விட்டுவிட்டு, ஏதாவது ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அது போகிற இடமெல்லாம் போவது என்று முடிவு செய்தோம். முதலில் பிடித்தது அந்த இன்சுலினையே.

ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக ஒரு செல். நடுவில் உட்கரு. மனிதனின் 11-ஆவது குரோமோசோமில் இன்சுலினுக்கான மரபணு இருக்கிறது. அதிலிருந்து தூது ஆர்என்ஏ படியெடுக்கப்பட்டு உட்கருத் துளை வழியாக சைட்டோபிளாசத்துக்கு வருகிறது. ரைபோசோம் அதைப் படித்துக் கோக்க ஆரம்பிக்கிறது. முதலில் வரும் 24 அமினோ அமிலங்கள் ஒரு முகவரிச் சீட்டு. 'என்னை எண்டோபிளாச வலைக்குக் கொண்டுபோ' என்பதுதான் அதன் ஒரே செய்தி. ரைபோசோம் அந்த வலைமேல் போய் உட்கார்கிறது, சங்கிலி உள்ளே நீள்கிறது. முழுச் சங்கிலி 110 அமினோ அமிலம். உள்ளே போனதும் முகவரித் துண்டு வெட்டப்படுகிறது, மிச்சம் 86. அங்கேயே அது மடிந்து, கந்தக அணுக்களுக்கு இடையே டைசல்ஃபைடு பிணைப்புகள் விழுகின்றன. பிறகு பைகளில் ஏறி கோல்கை உடலம். அங்கிருந்து சுரப்புப் பைகள். அந்தப் பைகளுக்குள் நடுத்துண்டான சி-பெப்டைடு 31 அமினோ அமிலமும், வெட்டும் இடங்களில் இருந்த 4-ம் கழிகின்றன. 86-இல் 35 போனால் 51. ஏ சங்கிலியில் 21, பி சங்கிலியில் 30. இந்த 51-இன் வரிசையைக் கண்டுபிடித்ததற்குத்தான் ஃபிரெடரிக் சேங்கருக்கு 1958-இல் நோபல் கொடுத்தார்கள்.

இந்தக் கழித்தல் கணக்கு தேர்வில் வராது. இருந்தாலும் அதைச் செய்ய வைத்தேன். எங்கே என்ன வெட்டப்படுகிறது என்று கணக்குப் போட்டவளுக்கு, 'கோல்கை உடலம் புரதங்களை மாற்றியமைத்துப் பொட்டலமிடுகிறது' என்ற வரி அதற்குப் பிறகு மனப்பாட வரியாக இல்லை. சி-பெப்டைடு எங்கள் லேபில் தினசரி காதில் விழும் பெயர். ஊசி மூலம் இன்சுலின் போடுகிறவருக்கு அவர் உடம்பே எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று தெரிய வேண்டுமானால், சி-பெப்டைடைத்தான் பார்ப்பார்கள். ஊசி மருந்தில் அந்தத் துண்டு கிடையாது. ரத்தத்தில் இருப்பதெல்லாம் அவருடைய பீட்டா செல் வெட்டிப் போட்டதுதான். இதைச் சொன்னபோதுதான் அவள் பேனாவை எடுத்துத் தாள் ஓரத்தில் தானாக ஏதோ குறித்துக்கொண்டாள்.

வழி இன்னும் முடியவில்லை. இன்சுலின் பையில் காத்திருக்கிறது. எப்போது வெளியே போக வேண்டும் என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? சாப்பிட்டதும் ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது. பீட்டா செல்லுக்குள்ளும் குளுக்கோஸ் வருகிறது. அதை உடைக்கும் கிளைக்காலிசிஸ், பிறகு மைட்டோகாண்ட்ரியா, கடைசியில் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி. ஏடிபி கூடினதும் பிளாஸ்மா சவ்விலுள்ள ஒருவகைப் பொட்டாசியம் கால்வாய் மூடிக்கொள்கிறது, சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது, கால்சியம் கால்வாய் திறக்கிறது, கால்சியம் உள்ளே வந்ததும் பைகள் சவ்வோடு இணைந்து இன்சுலினை வெளியே கொட்டுகின்றன. உட்கருவில் ஆரம்பித்து, ரைபோசோம், எண்டோபிளாச வலை, கோல்கை, மைட்டோகாண்ட்ரியா, சவ்வு எல்லாவற்றையும் ஒரே தாளில் தொட்டாயிற்று. எல்லா நுண்ணுறுப்பும் இதில் வராதுதான். லைசோசோமும் பசுங்கணிகமும் விட்டுப்போகும். அவற்றுக்கு வேறு வழி பிடித்தோம்: ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு இலைத்துளைக்குள் நுழைந்து நெல்மணியில் ஸ்டார்ச்சாக உட்காரும் வரை. லைசோசோமுக்கு, வெள்ளணு ஒரு பாக்டீரியாவை விழுங்கின பிறகு என்ன ஆகிறது என்பது.

இப்படி ஒரு புரதத்தின் பின்னால் போய்ப் பார்த்தது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. செல் உயிரியலாளர் ஜார்ஜ் பலாடே 1960-களில் கணையச் செல்களுக்குக் கதிரியக்க அமினோ அமிலத்தைக் கொஞ்ச நேரம் மட்டும் கொடுத்து, அது முதலில் சொரசொரப்பான எண்டோபிளாச வலையிலும், பிறகு கோல்கையிலும், கடைசியில் சுரப்புப் பைகளிலும் தெரிவதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார். 1974-இல் நோபல் கிடைத்தது. நாம் படிக்கும் வரிசையே அப்படித் துரத்திப் பிடித்துத் தெரிந்துகொண்டதுதான்.

அப்புறம் ஒரு விதி வைத்துக்கொண்டோம். வழியை ஒருமுறை சேர்ந்து வரைந்தால், மறுநாள் அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெறும் தாளில் தனியாக வரைய வேண்டும். விட்டதைச் சிவப்புப் பேனாவால் புத்தகம் பார்த்து எழுத வேண்டும். மூன்று நான்கு நாள் கழித்து மறுபடி. சிவப்பு எங்கே விழுகிறதோ அங்கே மட்டும் படித்தால் போதும். அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. சத்தமாக வாசிக்கிற சத்தம் கேட்டால்தான் பிள்ளை படிக்கிறது என்று அவளுக்கு நிம்மதி. எனக்குச் சத்தமாகப் படிப்பதில் விரோதம் கிடையாது, ஆனால் பார்த்துப் படிக்கும்போது எல்லாமே தெரிந்த மாதிரிதான் இருக்கும். ஹைலைட்டரும் அப்படித்தான். கோடு போட்ட வரி கண்ணுக்குப் பழகிவிடுகிறது. தேர்வு அறையில் அந்த வரி நம் முன்னால் இருக்காது.

அடுத்து சாம்பல் மூடிக் குழாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேபில் கூட்டமில்லாத நேரத்தில் அவளை வரச் சொல்லி, காலிக் குழாய்களை மேசையில் பரப்பிக் காட்டினேன். சிவப்பு மூடி, ஊதா மூடி, சாம்பல் மூடி. சர்க்கரை பார்க்க மட்டும் ஏன் சாம்பல் என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்குள் கிளைக்காலிசிஸ் முழுதும் இருக்கிறது.

ரத்தம் குழாய்க்கு வந்துவிட்டாலும் சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்கு உட்கருவும் கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. அதனால் கிரெப்ஸ் சுழற்சி இல்லை, எலக்ட்ரான் கடத்தும் சங்கிலி இல்லை. குளுக்கோஸை லாக்டிக் அமிலம் வரை உடைத்து நிகரமாக 2 ஏடிபி எடுப்பதோடு சரி. சீரத்தைப் பிரிக்காமல் ரத்தத்தைச் சாதாரண அறை வெப்பத்தில் வைத்துவிட்டால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குளுக்கோஸ் குறைந்துகொண்டே போகும். காலையில் எடுத்த ரத்தத்தை மதியம் சோதித்தால் சர்க்கரை உள்ளவருக்கும் நல்ல ரிசல்ட் வந்துவிடலாம். அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடிக் குழாயில் சோடியம் ஃபுளூரைடு போட்டிருக்கிறார்கள். ஃபுளூரைடு ஈனோலேஸ் என்ற நொதியை முடக்குகிறது.

"அப்ப ஃபுளூரைடு போட்டதும் குளுக்கோஸ் குறையறது நின்னுடுமா?" என்று கேட்டாள். நிற்காது. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் தொடர்ந்து குறையும், அப்புறம்தான் நிற்கும். ஏன் என்று நான் சொல்லவில்லை. கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளையும் எழுதி, ஈனோலேஸ் எந்தப் படி என்று பார்க்கச் சொன்னேன்.

ஒன்பதாவது படி. குளுக்கோஸ் உள்ளே எடுக்கப்படுவதோ முதல் படியில், ஹெக்சோகைனேஸ் நொதியால். கடைசிக் கதவை அடைத்தாலும் முதல் கதவு திறந்துதான் இருக்கிறது, அதனால் உள்ளே வருவது உடனே நிற்கவில்லை. இது வரை அவளே சொல்லிவிட்டாள். பிறகு எப்படி நிற்கிறது? இதற்கு ஏடிபி கணக்கு வேண்டும். 1-ஆவது, 3-ஆவது படிகளில் செலவு: ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபி. 7-ஆவது படியில் வரவு 2. 10-ஆவது படியில் வரவு 2. ஒன்பதாவது அடைபட்டால் பத்தாவது நடக்காது. செலவு 2, வரவு 2, கையில் மிச்சம் பூஜ்யம். ஆனால் செல்லுக்கு வேறு செலவுகளும் உண்டு, சோடியம்-பொட்டாசிய இறைப்பி சும்மா ஓடாது. இருந்த ஏடிபி கரைகிறது. ஏடிபி இல்லாமல் ஹெக்சோகைனேஸ் குளுக்கோஸை மாற்ற முடியாது. அப்போதுதான் முதல் கதவு மூடுகிறது.

இன்னொரு காரணமும் சேர்ந்தே நடக்கிறது. ஆறாவது படியில், எலக்ட்ரான்களைச் சுமக்கும் என்ஏடி+, என்ஏடிஹெச் ஆக மாறுகிறது. சிவப்பணுவில் அதைத் திருப்பி என்ஏடி+ ஆக்குவது பைருவேட்டிலிருந்து லாக்டேட் உருவாகும் கடைசி வினை. பைருவேட்டே வரவில்லையென்றால் என்ஏடி+ தீர்ந்துபோகிறது, ஆறாவது படி முடங்குகிறது. நொதித்தல் எதற்கு என்ற கேள்விக்கு 'ஆக்சிஜன் இல்லாதபோது ஆற்றல் பெற' என்று எழுதுவதுதான் வழக்கம். லாக்டேட் உருவாகும் அந்த வினையில் ஒரு ஏடிபிகூட வருவதில்லை. அது நடப்பது என்ஏடி+ஐ மீட்பதற்கு. அவள் இதைப் பத்துப் படித் தாளின் கீழே அம்புக்குறி போட்டு எழுதி வைத்துக்கொண்டாள். அந்தத் தாளை மட்டும் தேர்வு வரைக்கும் கணிதப் புத்தக உறைக்குள் சொருகி வைத்திருந்தாள், ஏன் கணிதப் புத்தகம் என்று தெரியாது.

ஒரு பொருளின் வழியைப் பிடித்ததும் அடுத்த வேலை இதுதான்: நடுவில் ஒரு இடத்தை அடைத்துவிட்டு என்ன ஆகும் என்று கேட்பது. எது குவியும், எது தீரும், எது முதலில் நிற்கும். கிரெப்ஸ் சுழற்சியில் சக்சினேட்டை மாற்றும் நொதியில், அதைப் போலவே இருக்கும் மெலோனேட் அதன் இடத்தைப் பிடித்தால்? சக்சினேட் குவியும், சக்சினேட்டைக் கூட்டினால் தடை தளரும், அதனால்தான் அது போட்டித் தடுப்பு, அதனால்தான் வினையின் உச்ச வேகம் மாறாமல் கேஎம் (பாதி வேகத்தை எட்டத் தேவையான வினைபொருளின் அளவு) மட்டும் கூடுகிறது. வரைபடத்தை மனப்பாடம் செய்யாமலே வரைய முடிந்தது.

வீட்டில் கேட்கத் தோதான இன்னொரு லேப் கேள்வி: பிரிக்காத ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் பொட்டாசியம் அளவு பொய்யாகக் கூடிவிடும், ஏன்? சவ்வு இறைப்பி 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. செல்லுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட இருபது முப்பது மடங்கு. குளிரில் அந்த இறைப்பி மந்தமாகிறது, உள்ளே இருந்தது கசிந்து வெளியே வருகிறது. செயல்மிகு கடத்தலுக்கும் பரவலுக்கும் வித்தியாசம் எழுதுக என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஊசியை வேகமாக இழுத்துச் சிவப்பணு உடைந்துபோன மாதிரியிலும் இதே கோளாறு வரும்.

நொதியில் வெப்பநிலை பற்றி ஒரு குழப்பம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. குளிரிலும் வேலை செய்யாது, சூட்டிலும் வேலை செய்யாது, ஆகவே இரண்டும் ஒன்று என்று நினைக்கிறார்கள். எங்கள் குளுக்கோஸ் ரீஏஜென்ட் 2 முதல் 8 டிகிரி ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. அதில் இருப்பது குளுக்கோஸ் ஆக்சிடேஸ், பெராக்சிடேஸ் என்ற இரண்டு நொதிகள். எடுத்து 37 டிகிரியில் வைத்தால் ஒழுங்காக வேலை செய்து இளஞ்சிவப்பு நிறம் தருகிறது. கொதிக்க வைத்துவிட்டு ஆற வைத்தால் நிறமே வராது. குளிர் நொதியைச் சோம்பலாக்குகிறது; சூடு அதன் மடிப்பைப் பிரித்துவிடுகிறது. வேகவைத்த முட்டையை ஃபிரிட்ஜில் வைத்தால் பச்சை முட்டை ஆகாது, அந்த மாதிரி.

மாவுச்சத்துப் பகுதியில் மாட்டிக்கொள்ளும் இடம் ஆல்ஃபா, பீட்டா. ஸ்டார்ச்சில் ஆல்ஃபா 1-4 பிணைப்பு, செல்லுலோஸில் பீட்டா 1-4. இரண்டுமே குளுக்கோஸ்தான், ஆனால் சோற்றை நம்மால் செரிக்க முடிகிறது, வைக்கோலை முடியவில்லை. செல்லுலோஸின் அந்தப் பீட்டா பிணைப்பை வெட்டும் நொதி நம்மிடம் இல்லை. மாட்டுக்கும் சொந்தமாக இல்லை, அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களிடம் இருக்கிறது. ஒடுக்கும் சர்க்கரையைக் காட்டும் பெனிடிக்ட் சோதனையில் குளுக்கோஸ் செங்கல் நிறம் தருகிறது, சீனி தருவதில்லை. சீனியில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தங்கள் ஒடுக்கும் முனைகளாலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. நீர்த்த அமிலத்தோடு கொதிக்க வைத்து, அமிலத்தைச் சமன் செய்துவிட்டுச் சோதித்தால் நிறம் வந்துவிடும். இதை அவள் பள்ளி ஆய்வகத்தில் டீச்சரிடம் அனுமதி கேட்டுச் செய்து பார்த்தாள். டீச்சர் அடுத்த நாள் வகுப்பு முழுவதையும் செய்ய வைத்தாராம்.

புரதத்தின் நான்கு நிலை அமைப்புக்கு ஹீமோகுளோபினை எடுத்துக்கொண்டோம். பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் வேலைன் ஆனால் அரிவாள் செல் நோய். ஓர் அமினோ அமிலத்தில் முதல்நிலை மாறி, அணுவின் உருவம் வரை அது போகிறது. இந்தப் பாடத்தில் நம் ஊர்ப் பெருமை ஒன்றும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல் கொலாஜனுக்கு மூன்று இழை அமைப்பை முன்வைத்தார்; புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் வளைய முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் 1963. ரைபோசோம் அமைப்புக்காக 2009-இல் நோபலைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பிறந்தது சிதம்பரம். ஒரு மார்க்குக்கு உதவும், உதவாவிட்டாலும் தெரிந்திருக்கட்டும்.

செல் சுழற்சிக்கு இந்த 'பின்னால் போகும்' வழி அவ்வளவாகப் பொருந்தவில்லை. அங்கே எண்ணத் தெரிய வேண்டும். பிள்ளைகள் புரோஃபேஸ், மெட்டாஃபேஸ் படங்களை வரைந்துவிடுவார்கள். மெட்டாஃபேஸில் எத்தனை குரோமோசோம், எத்தனை குரோமாட்டிட் என்றால் தடுமாறுவார்கள். இரண்டு நிறக் கம்பளி நூலை எடுத்து வெட்டிக்கொண்டோம். ஒரே நிறத் துண்டுகள் இரண்டை ஒரு முடிச்சில் கட்டினால் இரட்டித்த ஒரு குரோமோசோம். முடிச்சுதான் சென்ட்ரோமியர், ஒவ்வொரு நூலும் ஒரு குரோமாட்டிட். எண்ணும்போது நூலை எண்ணாதே, முடிச்சை எண்ணு. இது ஒன்றுதான் விதி.

வெங்காய வேர் நுனிச் செல்லில் 16 குரோமோசோம். எஸ் நிலையில் டிஎன்ஏ இரட்டித்தாலும் முடிச்சு 16தான், டிஎன்ஏ மட்டும் 2சியிலிருந்து 4சி (சி என்பது ஒரு பாலணுவில் இருக்கும் டிஎன்ஏ அளவு). மெட்டாஃபேஸில் 16 முடிச்சு, 32 நூல். அனாஃபேஸில் முடிச்சு பிரிகிறது: 32. சேய் செல் ஒவ்வொன்றிலும் 16, 2சி. மியாசிஸ் என்றால் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் எதிர் நிறத்தில் அதன் இணையைப் பக்கத்தில் வைக்க வேண்டும். முதல் பகுப்பில் முடிச்சுகள் பிரிவதில்லை, ஜோடிகள்தான் பிரிகின்றன. எனவே 16 இருந்த செல் 8 ஆகிறது, ஆனால் ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டு நூல், டிஎன்ஏ 2சி. இரண்டாம் பகுப்பில்தான் முடிச்சு பிரிந்து 8, 1சி. 'குன்றல் பகுப்பு எது?' என்ற கேள்விக்கு முதல் பகுப்பு என்று இதற்குப் பிறகு அவள் யோசிக்காமல் சொன்னாள். குறுக்கே கலத்தல் வந்தபோது இரண்டு நிற நூலிலும் நுனியை வெட்டி மாற்றி முடிந்தாள். ஒரு முடிச்சில் ஒரு நூல் முழுச் சிவப்பு, இன்னொன்று சிவப்பும் நீலமும்.

முதல் புரோஃபேஸின் ஐந்து உள்நிலைகளுக்கு நியாயமெல்லாம் கிடையாது, மனப்பாடம்தான். லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன், டிப்ளோட்டீன், டயாகைனசிஸ். அவளே ஒரு வரி கட்டினாள்: லெட்சுமி சைக்கிள் பாளையங்கோட்டை டிப்போவில் டயர் பஞ்சர். சைகோட்டீனில் ஜோடி சேர்தல், பாக்கிட்டீனில் குறுக்கே கலத்தல், டிப்ளோட்டீனில் கயாஸ்மா (குறுக்கே கலந்த இடம்) தெரிதல். இந்த மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டால் வந்த கேள்விகளைச் சமாளித்துவிடலாம். வெறும் மனப்பாடமாக விட்டதில் இன்னும் சில உண்டு: ஹூக் செல்லைக் கண்டது 1665, பிரௌன் உட்கரு 1831, ஷ்லைடனும் ஷ்வானும் செல் கொள்கை 1838, 1839, விர்ச்சோ 'செல்லிலிருந்தே செல்' 1855, சிங்கரும் நிக்கல்சனும் சவ்வு மாதிரி 1972. இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் கண்ணாடிப் பக்கத்தில் ஒட்டிவிடச் சொன்னேன். தலை வாரும்போது பார்த்தால் போதும், இதற்குச் சாயங்காலத்தைச் செலவழிக்கக் கூடாது. ரைபோசோமின் 50எஸ் துண்டும் 30எஸ் துண்டும் சேர்ந்தால் ஏன் 80 ஆகாமல் 70 என்று ஒருநாள் கேட்டாள். எஸ் என்பது எடை இல்லை, மையவிலக்கில் எவ்வளவு வேகமாகப் படிகிறது என்பதன் அளவு. உருவமும் சேர்ந்து அதைத் தீர்மானிப்பதால் கூட்டல் பொருந்தாது.

வேலைக்கு ஆகாததையும் சொல்ல வேண்டும். இருபது அமினோ அமிலங்களின் வேதி அமைப்பை வரையப் பழகினோம், பாதியில் விட்டோம். பிளஸ் ஒன் தேர்வுக்கு அது தேவையே இல்லை. எது அமிலத் தன்மை, எது காரத் தன்மை, எதில் கந்தகம் என்று தெரிந்தால் போதும். கார்பாக்சில், அமினோ தொகுதிகளைக் காட்டும் பொது அமைப்பும், இரண்டு சேர்ந்து நீர் வெளியேறிப் பெப்டைடு பிணைப்பு உருவாவதும் கட்டாயம் வரையத் தெரிந்திருக்க வேண்டும். யூடியூப் வீடியோவும் பார்த்தோம். எலக்ட்ரான் கடத்தும் சங்கிலி, ஏடிபி சின்தேஸ் சுழல்வது இரண்டுக்கும் நகரும் படம் நிஜமாகவே உதவியது. மற்றதுக்கெல்லாம் பார்த்து முடித்ததும் தூக்கம்தான் வந்தது.

தேர்வு முறை பற்றிக் கொஞ்சம். அவள் எழுதியபோது தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35. தாவரவியலில் ஒரு மார்க் 8, இரண்டு மார்க் ஆறில் நான்கு, மூன்று மார்க் ஐந்தில் மூன்று, ஐந்து மார்க் இரண்டு, அதில் 'அல்லது' உண்டு. புத்தகத்தில் இருக்கும் பாடங்களைக் கணக்குப் பார்த்தால் இந்த மூன்று பாடத்துக்கு எவ்வளவு நேரம் தரலாம் என்று தெரிந்துவிடும். இதற்காக வேர், தண்டு, இலைப் பாடங்களைப் பட்டினி போடக் கூடாது. படம் பென்சிலில், பெயர்கள் ஒரே பக்கமாக, கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல். வேறுபாடு கேட்டால் அட்டவணை. ஐந்து மார்க் விடையில் படத்தை முதலில் போட்டுவிட்டு அதைப் பார்த்தே எழுதினால் எதுவும் விட்டுப்போகாது. வெறும் தாள் பழக்கம் இருந்ததால் அவளுக்கு இது சுலபமாக வந்தது.

கடைசி வாரத்தில் வந்த ஒரு சிக்கல். ஒரு குளுக்கோஸுக்கு மொத்தம் எத்தனை ஏடிபி? ஒரு புத்தகத்தில் 38, ஒன்றில் 36, அவள் பார்த்த வீடியோவில் 32. எல்லாம் ஒரே கணக்கின் வேறு வேறு விலைப்பட்டியல்தான். என்ஏடிஹெச் 10, எஃப்ஏடிஹெச்2 2, நேரடியாகக் கிடைப்பது 4. என்ஏடிஹெச்சுக்கு 3, எஃப்ஏடிஹெச்2-க்கு 2 என்று போட்டால் 30, 4, 4, ஆக 38. சைட்டோபிளாசத்தில் உருவான இரண்டு என்ஏடிஹெச்சை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுபோகச் செலவானால் 36. பின்னாளில் அளந்து பார்த்த மதிப்பு 2.5, 1.5; அதைப் போட்டால் 25, 3, 4, ஆக 32, செலவைக் கழித்தால் 30. தேர்வில் உன் பாடப்புத்தகத்தில் எந்த எண் அச்சாகியிருக்கிறதோ அதை எழுது, பக்கத்தில் எந்தக் கணக்கில் அந்த எண் வந்தது என்று ஒரு வரி சேர்த்துவிடு, மற்ற எண்களைத் தாளில் கொண்டுவராதே என்றேன்.